டிஜே பார்க்கும் படலம்

உலகத்தில் மாமாக்கள் பல வகை. கூப்பிடாமலே வந்து நிற்பவர், கூப்பிட்டும் வராதவர், வந்தபின் ஏன்தான் கூப்பிட்டோம் என்று நினைக்க வைப்பவர். இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது வகைதான் விசாரிக்கும் மாமா. பால்காரரை மாற்றினால் விசாரிப்பார். பக்கத்து வீட்டுக்கு யாராவது குடிவந்தால், அவர்களுடைய கட்டில் வண்டியிலிருந்து இறங்குவதற்குள், குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு எங்கே வேலை, பழைய வீட்டை எதற்காகக் காலி செய்தார்கள் என்பதெல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும். இதெல்லாம் யாருக்காக? அப்படி அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேள்வி கேட்பது அவருடைய துறை.

நாம் பார்க்கப்போகும் மாமா காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, யார் மேல் தப்பு என்று எழுதிக் கொடுக்கிற வேலை. யார் அழுதாலும் நம்பக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். வேலை போய்விட்டது, பாடம் போகவில்லை.

இவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளையைப் பெண்ணே பார்த்துக்கொண்டாள். அவளோடு வேலை செய்கிறவன். அக்கா இரண்டு நாள் அழுதாள், அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், பிறகு இருவரும் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். மாமாவுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது? ஊருக்கெல்லாம் போனில் போன அழைப்பிதழ் இவருக்கும் வந்தது, அவ்வளவுதான். இந்தப் பெண்ணுக்கு வரப்போகிற மாப்பிள்ளையைக் கேட்பதற்கென்று அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே சேர்த்து வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. மனுஷனுக்கு வலித்தது. கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயமாகவே வலித்தது.

அக்காவுக்குத் தம்பியைத் தெரியாதா?

"மாமாவுக்கு ஏதாவது ஒரு பொறுப்பு குடுத்துடுடி. இல்லேன்னா வரவேற்புக்கு வந்து ஓரமா உட்கார்ந்துக்கிட்டு, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் குறை சொல்லிட்டே இருப்பான்" என்றாள் மகளிடம்.

மண்டபம், சாப்பாடு, பூ எல்லாம் முடிவாகிவிட்டன. மிச்சம் இருந்தது பாட்டு ஒன்றுதான்.

"மாமா, டிஜேவை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றாள் பெண். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நல்ல தாளம் கேட்டா அப்பாவால உட்கார முடியாது, உங்களுக்கே தெரியும். அவரை எழுந்து ஆட வைக்கிற ஆளா இருக்கணும். அப்பா இன்னும் நான் கட்டிக்கப்போறவர்கூட முகம் குடுத்து ஒரு வார்த்தை பேசலை மாமா. சேர்ந்து ஆடிட்டா பேசிடுவார்."

"நீ கவலைய விடு. நான் விசாரிக்கிறேன்."

விசாரணை மாமாவின் வீட்டு முன்னறையில் நடந்தது. வருகிறவர் முகத்தில் வெளிச்சம் விழும்படியாக, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாமா உட்கார்ந்தார். முதலில் வந்தவர் பெயர் வாங்கிய டிஜே. காதில் மாட்டுவதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"சொந்த வீடா, வாடகையா?"

"ஸ்பீக்கர் சொந்தம் சார்" என்று சிரித்தார் அவர்.

தீர்ந்தது. பெரியவர்கள் கேட்டால் சிரிக்கிற ஆள் எப்படிப் பாட்டு போடுவான்?

இரண்டாவதாக வந்தது ஒரு பெண். மணப்பெண்ணே சொல்லி அனுப்பியவள். தோழி ஒருத்தியின் வரவேற்பில் இவள் போட்ட பாட்டுக்கு, வாசலில் நின்ற காவலாளி கூட ஆடியதாகக் கேள்வி.

"ராத்திரி நேரத்துல இந்த மாதிரி வேலைக்குப் போறீங்களே, வீட்ல ஒண்ணும் சொல்றதில்லையா?"

"எங்க வீட்டுக்காரர்தான் சார் லைட் போடுறார். அது இருக்கட்டும், பொண்ணோட அப்பாவுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும்?"

"கேள்விய நான் கேட்கிறேம்மா" என்றார் மாமா. அவளும் தீர்ந்தாள்.

மூன்றாவதாக வந்த பையன் தனியாக வரவில்லை, அப்பாவோடு வந்தான். கசங்காத முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை. உட்காரச் சொல்லும்வரை நின்றான். சொன்னபிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தான். மாமா நிமிர்ந்தார்.

"தம்பி என்ன படிச்சிருக்கார்?"

"எம்.காம். சார்" என்றார் அப்பா.

"பழக்கவழக்கம்?"

"காபி கூடத் தொட மாட்டான்."

"கோபதாபம்?"

"இதுவரைக்கும் நாங்க பார்த்ததில்லை."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரே அக்கா. கட்டிக் குடுத்தாச்சு."

மாமாவின் கண் லேசாகக் கலங்கியது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பையனா! தானே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாசல் கதவுவரை போய் வழியனுப்பினார். பையன் அன்று வாய் திறந்தது ஒரே ஒரு தடவை: "வர்றேன் சார்."

"பாட்டு போட்டுக் காட்டச் சொன்னீங்களா மாமா?" என்று போனில் கேட்டாள் பெண்.

"முதல் தடவை வந்தவங்ககிட்ட அதெல்லாம் கேட்டா நல்லாவா இருக்கும்? நல்ல குடும்பம்மா. எல்லாம் விசாரிச்சுட்டேன்."

பெண்ணின் பக்கத்தில் நின்ற அக்கா கண்ணைக் காட்டினாள். பெண் வாயை மூடிக்கொண்டாள்.

வரவேற்பு அன்று நல்ல குடும்பத்துப் பையன் அடக்கமாகப் பாட்டு போட்டான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மாமாவின் முகத்தைப் பார்த்தான். மாமா தலையசைத்தால் போட்டான். யாராவது காதைச் சொறிந்தால் கூட சத்தத்தைக் குறைத்தான். மணி ஆக ஆக, வந்தவர்களெல்லாம் தட்டும் கையுமாக உட்கார்ந்து தங்கள் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நடுவில் ஒரு பாட்டு, தப்பித்தவறி, நல்ல பாட்டாக அமைந்துவிட்டது. முன்வரிசையில் அத்தானின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன. பிறகு கால் ஆடியது. பிறகு, பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, அத்தான் எழுந்தேவிட்டார். மாப்பிள்ளை மேடையிலிருந்து ஒரே தாவில் இறங்கிக் கையை நீட்டினான். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரியவர், "கொஞ்சம் சத்தமா இருக்கே" என்றார். பாட்டு நின்றது. பையன் எழுந்து நின்று அவரிடம் மன்னிப்பு வேறு கேட்டான்.

எழுந்து நின்ற அத்தான், சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளத்தான் எழுந்தவர்போல இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை நீட்டிய கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதினான். அப்புறம் அத்தான் எழுந்தது, மண்டபத்து ஆட்கள் நாற்காலி அடுக்க வந்தபோதுதான். மாப்பிள்ளையிடம் போய், "சரி, பார்த்துப் போங்க" என்றார். பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவரிடம் நாம் சொல்வோமே, அந்தக் குரலில்.

மாமா முகமெல்லாம் சிரிப்பாகப் பெண்ணிடம் வந்தார்.

"பையனைப் பார்த்தியா? யார் என்ன சொன்னாலும் ஒரு முகச்சுளிப்பு உண்டா? என்ன அடக்கம், என்ன மரியாதை! இப்படி ஒருத்தன் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டான்."

பெண்ணின் கண் மை கரைந்திருந்தது.

"அவ்வளவு நல்ல பையன்னா எனக்கே கட்டி வெச்சிருக்கலாமே மாமா."

குத்தத்தான் சொன்னாள். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"என்னை யாரும்மா கேட்டாங்க?" என்றார்.



நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்கிறீர்களா? மெத்தச் சரி. அப்படியானால் போன மாதம் உங்கள் தங்கை மகன் கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வந்தவரை உட்கார வைத்து, சொந்த வீடா வாடகையா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டிருந்தது யார்? அவர் எடுத்த படத்தில் ஒன்றையாவது காட்டச் சொன்னீர்களா?