பெஞ்ச்சின் ஆழம்

"மூணு மேட்ச். என் பொண்ணு ஆடினது மொத்தம் அம்பத்து மூணு செகண்ட்," என்றார் பதினைந்தாம் நம்பரின் அம்மா.

அவர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நாடி பார்க்கிற கடிகாரத்தால் அளந்திருந்தார். ஆகவே கணக்கில் தகராறுக்கு இடமில்லை. கல்லூரி முதல்வர் அம்மாள் கோச்சைப் பார்த்தார். கோச் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. கோப்பை வைப்பதற்காகப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தது. இப்போது அதில் பழைய வினாத்தாள்கள் இருந்தன.

கோச்சின் பிழைப்பு அந்த அலமாரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு அவர் ஏழு வருஷமாகத் தற்காலிகப் பயிற்சியாளர். இந்த முறை கோப்பை வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆள் என்று முதல்வர் அம்மாள் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது இன்னொன்றும் சேர்ந்தது: அணியில் இருக்கிற பன்னிரண்டு பேரும் ஆட வேண்டும், புகார் வரக் கூடாது.

வேறு ஒருவராக இருந்தால் கலங்கியிருப்பார். கோச்சுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவரிடம் ஒரு கொள்கை பல வருஷமாகச் சும்மா கிடந்தது.

"மேடம், டீமோட பலம் ஆடுற அஞ்சு பேருகிட்ட இல்ல. உக்காந்திருக்கிற ஏழு பேருகிட்ட இருக்கு. பெஞ்ச்சுக்கு ஆழம் வேணும். நான் தோண்டறேன்."

"தோண்டுங்க. கோப்பை வரணும்," என்றார் முதல்வர் அம்மாள்.

அன்று மாலையே நான்கு நிறப் பேனாக்களில் ஓர் அட்டவணை உருவானது. யார், எந்த நிமிஷத்தில் உள்ளே, எந்த நிமிஷத்தில் வெளியே என்று நாற்பது நிமிஷமும் கட்டம் கட்டமாக. அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ரயில் டைம்டேபிள் மாதிரியே இருக்கு. ரயிலு வருமா?" என்று கேட்டாள். வீட்டில் யாருக்கும் விளையாட்டு அறிவு கிடையாது.

பதினைந்தாம் நம்பர் பெஞ்ச்சின் கடைசி ஓரத்தில் உட்காருகிற பெண். உட்காருகிறாள் என்று சொல்வது மரியாதைக்காக. காதைத் தொடுவாள், கொண்டையை அவிழ்த்து முடிவாள், துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றுவாள், ஓடிவருகிற பெண்ணிடம் ஏதோ முணுமுணுப்பாள். தலையில் பேன் என்றுதான் கோச் முதலில் நினைத்தார். இப்போது புரிந்தது. ஆட வேண்டும் என்ற துடிப்பு. அதை இத்தனை நாள் கவனிக்காததற்காக அவருக்குத் தன்மேல் லேசான வருத்தம்கூட ஏற்பட்டது, ஆனால் நீடிக்கவில்லை.

நான்காவது ஆட்டத்தில் பதினெட்டுப் புள்ளி முன்னிலையில் இருந்தபோது அவளை நான்கு நிமிஷத்துக்கு இறக்கினார். முன்னிலை ஐந்தாகச் சுருங்கியது. ஆட்டம் எப்படியோ தப்பியது.

உட்கார்ந்தே பழகிய கால், சூடேற நேரம் வேண்டும் என்று முடிவு செய்தார். அடுத்த ஆட்டத்துக்கு அட்டவணையில் பன்னிரண்டு நிமிஷம் எழுதினார். அந்தப் பெண்ணே வந்து நின்றாள்.

"சார், நான் இங்கயே இருக்கேனே. இங்கேருந்து எல்லாம் நல்லாத் தெரியுது."

"மேட்ச் பாக்கறதுக்கு கேலரி இருக்கும்மா," என்றார் கோச்.

பன்னிரண்டு நிமிஷம் ஆடினாள். ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

பிறகு கேப்டன் வந்தாள். தயங்கித் தயங்கி, பதினைந்தாம் நம்பர் உட்கார்ந்திருந்தால்தான் தங்களுக்கு நல்லது என்றாள். கோச்சுக்கு நோய் பிடிபட்டுவிட்டது: பொறாமை. அணி முழுவதையும் மைதானத்தில் வட்டமாக உட்காரவைத்து இருபத்தைந்து நிமிஷம் பெருந்தன்மை பற்றிப் பேசினார். மறுநாள் அட்டவணையில் கேப்டனின் நிமிஷங்களைப் பாதியாக வெட்டி, அவற்றைப் பதினைந்தாம் நம்பருக்குக் கொடுத்தார்.

அரையிறுதிக்கு முந்தின நாள் பயிற்சியில் பதினைந்தாம் நம்பரின் விரல் பிசகியது. கட்டுப் போட்ட விரலோடு பழைய ஓரத்திலேயே போய் உட்கார்ந்தாள். கட்டு அவள் துடிப்பைக் குறைக்கவில்லை. துண்டு தோள் மாறிக்கொண்டே இருந்தது. இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி. கோச் அட்டவணையைத் தட்டிக்காட்டி, "ஆழம்," என்றார், குறிப்பாக யாரிடமும் இல்லாமல்.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தது லீக்கில் இவர்களிடம் தோற்ற அணிதான். அதன் பயிற்சியாளர் விசில் மாலை போட்ட ஒரு அம்மாள். லீக் ஆட்டத்தன்று அந்த அம்மாள் பந்தைப் பார்க்கவே இல்லை. நாற்பது நிமிஷமும் இவர்கள் பெஞ்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். கோச் அன்றே அதைக் கவனித்துக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். தன்னுடைய முறையைப் படிக்கிறார், படித்துவிட்டுப் போகட்டும்.

விரல் சரியாகிவிட்டதென்று நர்ஸ் அம்மா சான்று கொடுத்தார். முதல்வர் அம்மாள் முன்வரிசையில் இருந்தார். கோச் பதினைந்தாம் நம்பரை முதல் நிமிஷத்திலிருந்தே இறக்கினார்.

அவள் மோசமாக ஆடினாள் என்று சொல்ல முடியாது. ஆடவே தெரியாமல் ஆடினாள். காதைத் தொடப் போன நேரத்தில் பந்து தோளில் பட்டது. கொண்டையை முடியப் போன நேரத்தில் இரண்டு பேர் அவளைக் கடந்து போனார்கள். மற்ற நால்வரும் பந்து கிடைக்கும்போதெல்லாம் பெஞ்ச்சின் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. கோச் டைம்அவுட் எடுத்து அட்டவணையை விளக்கினார். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள், பதினைந்தாம் நம்பரைப் பார்த்தபடி. அவள் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்தது.

பாதி ஆட்டத்தில் ஒன்பதுக்கு முப்பத்து நான்கு. முன்வரிசையில் முதல்வர் அம்மாள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கோச் பச்சைப் பேனாவால் எழுதியதைச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தார். பதினைந்தாம் நம்பருக்கு மீதி இருபது நிமிஷத்தையும் கொடுத்துவிட்டால் கட்டாயம் சூடேறிவிடும்.

நிழல் விழுந்தது. எதிரணி அம்மாள்.

"ஒரு பேனா கிடைக்குமா சார்?"

கோச் சட்டைப்பையிலிருந்து நீலத்தைக் கொடுத்தார். அந்த அம்மாள் ஏதோ படிவத்தில் கையெழுத்திட்டார். திருப்பிக் கொடுத்தவர் போகாமல் நின்றார். அட்டவணையைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று கோச் அதைச் சற்றே அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். நீங்க காலேஜ் ஆபீஸ்ல இருந்து வந்தவர்தானே? ஓரத்துல உக்காந்து துண்டால சைகை காட்டுமே உங்க கோச் பொண்ணு, அத இன்னிக்கு யாரு உள்ள எறக்கிவிட்டது?"