மழைக்குப் பயந்த பார்சல்காரர்

தெஹியோவிட்ட கடைத்தெருவில் பார்சல்காரரைப் போலப் பயப்படத் தெரிந்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரப்பர்த் தோட்டத்தில் பால் வாளி தூக்கி, இரண்டு மாடி ஹார்ட்வெயார் கடை கட்டியவன் நான். என் பயத்துக்கு ஓர் அளவு உண்டு. அவருக்கு இல்லை.

என் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். "என்ன தொழில் தம்பி?" என்றேன்.

"பார்சல் கட்டுறதுங்க முதலாளி. யாரோ எழுதுற புரோகிராமை, சும்மா கிடைக்கிற கம்பியூட்டர் சிஸ்டத்துல லேசா ஏத்துற மாதிரி கட்டி அனுப்பணும்."

அன்றே பெயர் ஒட்டிக்கொண்டது. என் கடையில் பில் போடும் கணினிக்கும் அந்த இலவச சிஸ்டத்தைத்தான் போட்டுக் கொடுத்தார்.

முதலில் ஒவ்வொன்றாகக் கையால் கட்டினார். பிறகு புதிதாக ஏதும் வந்தால் தானே எடுத்து, கட்டி, சோதித்து, அனுப்பக் கணினியைப் பழக்கினார். வேலை குறைந்தது, பயம் கூடியது. மழையில் கரண்ட் போய் அரைகுறைப் பார்சல் உலகத்துக்குப் போய்விட்டால்? அவரும் என்னைப் போலத் தோட்டத்துப் பிள்ளை அல்லவா, ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை என்ற சட்டத்தைக் கணினிக்கும் போட்டார். கூரையில் ஒரு மீன் டின், அதிலிருந்து கணினிக்கு ஒரு வயர். டின் நனைந்தால் பார்சல் போகாது. பதற்றத்தில் தானே சட்டத்தை மாற்றிவிடுவோமோ என்று தன்னையும் நம்பாமல், இதே வேலை செய்யும் வெளிநாட்டுக் கூட்டாளி ஒருவர் சம்மதித்தால்தான் மாற்றலாம் என்று பூட்டியும் வைத்தார். மழைக்குப் பேர்போன எங்கள் ஊரில்.

ஒரு காலை முகம் வெளுத்து இறங்கி வந்தார்.

"முதலாளி, ஒரு புரோகிராம்ல ஓட்டை. திருடன் உள்ள வரலாம். உங்க பில் மெஷின்லயும் இருக்கு, இன்னும் எங்கெங்கயோ இருக்கு. ஓட்டைய அடைச்ச புதுப் பார்சல் ரெடி. போக மாட்டேங்குது."

"ஏன்?"

"மழைங்க."

"கூட்டாளிய எழுப்பேன்."

"ஃபோன் எடுக்கல. தூங்குறாரு."

குடையை எடுத்தேன். அவர் மூன்று படிக்கு மேல் ஏணி ஏறமாட்டார். எனக்கோ அறுபத்தெட்டு வயது.

"மொதல்ல ரெண்டு படி ஏறி இறங்குங்க. சோதிக்காம நான் எதையும் அனுப்புறதில்ல."

மூன்று முறை ஏறி இறங்கினேன். என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, மடிக்கணினியோடு வராந்தாவில் நின்றார்.

"நான் விழுந்தா?"

"நானும் கூட வருவேன்."

டின்னைத் துடைத்துக் குடை பிடித்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "முதலாளி, பிஸ்ஸுத?" என்று என் புத்தியைச் சிங்களத்தில் விசாரித்தார். தகரம் வழுக்கியது. தூரத்தில் இடி உருண்டது. கயிறு நடுங்கியது, என்னால் அல்ல.

"போயிருச்சா?"

"சோதனையில இருக்கு. அசையாதீங்க."

வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை. கடைசியில் கீழிருந்து மெல்லிய குரல் வந்தது: "போயிருச்சுங்க."

இறங்கியதும் அந்தச் சட்டத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"எதுக்குங்க? இப்பதான் நீங்க இருக்கீங்களே."

போன வருடம் கல்யாணம் முடித்து, டின்னையும் கழற்றிக்கொண்டு எம்பிலிப்பிட்டியவுக்குப் போய்விட்டார். அங்கே மழை குறைவு. நல்லதுதான். குடை பிடிக்க நான் அங்கே இல்லையே.