பெரியப்பாவின் மேல் பாதி

கணினி படித்த பெண் ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. மிக்ஸி நின்றாலும் அவளைக் கூப்பிடுவார்கள், டிவியில் கோடு விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அந்தப் பெண் நான். ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அலுவலகத்து மின்னஞ்சல்கள் ஒழுங்காக வந்து போகின்றனவா என்று பார்ப்பதும் என் பொறுப்பு. எதைச் செய்தாலும் முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுதிக்கொள்வேன். (சாம்பார் வைக்கும்போதுகூட. அம்மா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.) அப்படி எண் போட்டு, நிதானமாக யோசித்து நான் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் எங்கள் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

அந்த நவம்பரில் பெரியப்பா காலமானார். அப்பாவின் அண்ணா. நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். காலையில் காப்பி ஆறிப்போயிருக்கிறது என்று பெரியம்மாவைக் கடிந்துகொண்டார். அவள் சுட வைத்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார்.

ஒரே பிள்ளை முரளி அண்ணா அமெரிக்காவில் இருந்தான். விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கிளம்பி வந்தால் திரும்பிப் போக முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆகவே கொள்ளி வைத்ததும், மீசையை எடுத்துவிட்டு எல்லாக் காரியங்களையும் செய்ததும் அப்பா. முரளி தொலைபேசியில் அழுவான், பிறகு "வேற என்ன வேணும், சொல்லுங்கோ" என்பான், பிறகு மறுபடி அழுவான்.

வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு படம். பதின்மூன்றாம் நாள், துக்கம் கழியும் சுபத்தன்று மாட்டுவதற்கு. சாஸ்திரிகளுக்கு அது தேவையில்லை, பெரியம்மாவுக்குத் தேவைப்பட்டது.

"கண்ண மூடிண்டா அவர் செருப்பு தெரியறதுடி. மூக்குக் கண்ணாடிக் கூடு தெரியறது. மூஞ்சி மட்டும் சட்டுனு வரமாட்டேங்கறது" என்றாள்.

வீட்டில் இருந்த ஆல்பங்களை எல்லாம் புரட்டினேன். பெரியப்பாவுக்குக் கேமரா என்றாலே ஆகாது. எல்லாக் கல்யாண குரூப் போட்டோவிலும் பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தக் கல்யாணப் படத்தில் தலையைக் குனிந்திருந்தார். பென்ஷன் புத்தகத்தில் இருந்த படத்தில் நேராகப் பார்த்தார், ஆனால் அரசாங்க முத்திரை மிகச் சரியாக அவர் வாயின் மேல் குத்தப்பட்டிருந்தது.

நல்ல படம் முரளியிடம்தான் இருந்தது. பெரியப்பா அங்கே போயிருந்தபோது, கேமரா வேலை செய்கிறதா என்று பிள்ளை சும்மா சோதித்துப் பார்ப்பதாக நினைத்து அவர் நேராகப் பார்த்த படம்.

"இன்னிக்கே கூரியர்ல போட்டுடறேன்" என்றான் முரளி.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "கூரியர் எதுக்குண்ணா? உங்க ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணி மெயில்ல அனுப்பு. நான் காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துடும்."

(அந்த வீட்டில், அந்த வாரத்தில், காப்பி என்ற சொல்லை எடுத்ததே தப்பு. அதுகூட எனக்கு உறைக்கவில்லை.)

மறுநாள் கடிதம் வந்தது. படம் வரவில்லை. அதற்குப் பதிலாக, எதிலும் திறக்காத ஏதோ ஒரு கோப்பு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. முரளியின் அலுவலக மென்பொருள் தனக்கு மட்டுமே தெரிந்த முறையில் பொட்டலம் கட்டி அனுப்பும். எங்கள் மென்பொருளுக்கு அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது. என்னென்ன மாற்ற வேண்டும் என்று எண் போட்டு அவனுக்குப் பதில் எழுதினேன். அவன் அங்கே யாரையோ கேட்டு, அவர் வேறு யாரையோ கேட்டு, மாற்றி அனுப்புவதற்குள் சில நாட்கள் போய்விட்டன. தினமும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "வந்துடுத்தா?"

கடைசியில் வந்தது. இந்த முறை கோப்பே இல்லை. கடிதம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரி வரியாக, பக்கம் பக்கமாக ஓடின. நான் துள்ளிக் குதித்தேன். பழைய மென்பொருள்கள் படத்தை எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும். அந்த எழுத்தைத் திரும்பப் படமாக்க எனக்குத் தெரியும். சந்தோஷத்தில் ஒரு பக்கத்தை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"பெரியம்மா, வந்துடுத்து! இதான் பெரியப்பா. கம்ப்யூட்டர் பாஷைல இருக்கார்."

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "எப்பவும் போலத்தான். ஒண்ணும் புரியலை" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்தைப் படமாக மாற்றினேன். திரையில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாகப் பெரியப்பா வந்தார். வழுக்கை வந்தது. விபூதி வந்தது. முறைக்கிற கண்கள் வந்தன. மூக்கு வந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

கடிதத்தைத் திரும்பப் பார்த்தேன். கடைசி வரி பாதியிலேயே அறுந்திருந்தது. யார் அறுத்தது என்று தேடினேன். ஒன்று, முரளி முழுதாகத்தான் அனுப்பியிருந்தான். இரண்டு, வழியில் எங்கும் தொலையவில்லை. மூன்று, எங்கள் அலுவலகக் கணினியில் நீளமான கடிதங்களை ஓர் அளவுக்கு மேல் நறுக்கித் தள்ளும் சிறு நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ நண்பர்கள் அனுப்பும் நடிகை படங்களால் இணைப்பு அடைத்துக்கொள்கிறது என்று, போன மாதம் அதை எழுதியவள் நான். மானேஜர் என்னைப் பாராட்டியிருந்தார்.

முரளியைக் கூப்பிட்டேன். அங்கே நீண்ட விடுமுறை. படம், ஸ்கேனர் எல்லாம் பூட்டிய அலுவலகத்துக்குள் இருந்தன. திங்கட்கிழமைதான் திறப்பார்கள். சுபமோ அதற்கு முன்பே, மறுநாளே.

அன்று மாலை, பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்த களைப்போடு அப்பாவும், அந்தப் படத்தை ஏற்றிய பிளாப்பியோடு நானும் தி. நகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனோம். புதிதாகக் கணினி வாங்கியிருந்த தேவராஜ் என்பவருடைய கடை. பிளாப்பியைப் போட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பாதி ஆளுதான் கீறாரு? மீதி எங்க?"

"வரலை."

"எப்ப வரும்?"

"திங்கட்கிழமைக்கு மேல."

"விசேசம் எப்போ?"

"நாளைக்கு."

பென்ஷன் புத்தகத்தைக் கொடுத்து, அப்பாவின் அண்ணா என்று சொன்னேன். தேவராஜ் அதையும் பார்த்தார். "இதுல வாய் மேல சீலு. அதுல வாயே இல்ல. இன்னா சார், உங்க அண்ணாரு வாயே தொறக்க மாட்டாரா?"

"தொறந்தா மூட மாட்டார்" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரியப்பா போன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தேவராஜ் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "சார், ரெண்டு பேரும் ஒரே அச்சா கீறீங்களே. அப்படி உக்காருங்க."

"என்னப்பா, உசிரோட இருக்கறவன் மூஞ்சியப் போய்..."

"மூஞ்சி இல்ல சார். மோவா மட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மனதில் எண் போட்டேன். ஒன்று, ஒரே ரத்தம். இரண்டு, அப்பாவுக்கு இப்போது மீசையும் இல்லை. மூன்று, வேறு வழியும் இல்லை. எதிர்ப்பக்கத்தில் எழுத ஒன்றுகூடத் தோன்றவில்லை. "உக்காருங்கோப்பா" என்றேன்.

நான் மறந்த நான்காவது விஷயம் ஒன்று இருந்தது. அப்பாவுக்குக் கேமராவைப் பார்த்தால் தானாகச் சிரிப்பு வந்துவிடும். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தையே அதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"சார், கொஞ்சம் துக்கமா இருங்க."

"துக்கமாத்தாம்ப்பா இருக்கேன்" என்றார் அப்பா, சிரித்த முகமாக.

சுபத்தன்று படம் மாலையோடு கூடத்தில் ஏறியது. மேலே கணக்கில் தப்புக் கண்டுபிடித்த கண்கள். கீழே பேரக்குழந்தையைப் பார்த்த வாய். சாஸ்திரிகள் படத்தைப் பார்த்தார், எதிரே மணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார், ஒரு மந்திரத்தைத் தவறவிட்டுத் திரும்பச் சொன்னார். அம்பத்தூர் அத்தை, "அண்ணா சிரிக்கறாரே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது. பிளக்கவில்லை.

பெரியம்மா படத்தின் எதிரே வந்து நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். "கீழ சீனுதானே?" என்றாள் என்னிடம், மெதுவாக. சீனு என்பது அப்பா. நான் தலையை ஆட்டினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அழுகைச் சத்தம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு மிக மோசமாக இருந்தது.

சில வாரம் கழித்து அசல் படம் வந்தது. முரளி இந்த முறை என்னைக் கேட்காமல் கூரியரில் அனுப்பியிருந்தான். முழு முகம். உதடுகள் இறுக மூடியிருந்தன, அவரேதான். ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். "இதை பெருசு பண்ணி நாளைக்கே மாத்திடலாம் பெரியம்மா."

அவள் கையில் வாங்கிப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த வாயை ஒரு தடவை தடவினாள்.

"பீரோல வை."

"ஏன் பெரியம்மா?"

"காப்பி ஆறிப்போச்சுன்னு சொன்ன வாய்டி இது. இதுக்குப் படம் வேண்டாம், காதுலயே இருக்கு. அது பாட்டுக்கு அங்க சிரிச்சுண்டே இருக்கட்டும்."

அந்த நறுக்கும் நிரலை அந்த வாரமே அழித்துவிட்டேன். படம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் திதியன்று அப்பா தன் வாய்க்குத் தானே மாலை போடுகிறார். படத்தில் இருக்கும் அதே சிரிப்போடு அப்பா பக்கத்தில் வந்தால் பெரியம்மா கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பார்க்கிறாள்.

போன திதிக்கு வந்த அத்தை, "சீனு, உனக்காவது இப்பவே ஒரு நல்ல படம் எடுத்து வெச்சுக்கோடா" என்று சொல்லப் போக, அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"மேல் பாதி மட்டும் எடுத்தா போறும். கீழ் பாதிக்கு ஏற்கெனவே மாலை போட்டாச்சு."