ஏழைக்கான துண்டில் போன வெள்ளி

லார்னகா,
3 ஜனவரி 1965

மேன்மை பொருந்திய மச்சான் எவாகோரஸ் அவர்களுக்கு, தங்கை கணவன் லோயிஸோஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். லண்டன் குளிரில் தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

தாங்கள் என்னை நம்பி விட்டுப்போன நாணயம், வெள்ளைக்காரன் நம் தீவுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனதற்கு 1928-இல் அடித்த பெரிய வெள்ளி, ஒரு பக்கம் ராஜா, மறுபக்கம் இரண்டு சிங்கம், துடைத்துவிடாதே, கறுத்திருந்தால்தான் மதிப்பு என்று கப்பல் ஏறும்போதும் கத்திச் சொன்னீர்களே, அது கேக்குக்குள் போய்விட்டது. புனித வசிலி பேரில் வெட்டும் புத்தாண்டு கேக்கில், யார் துண்டில் வருகிறதோ அவருக்கு வருஷமெல்லாம் அதிர்ஷ்டம் என்று வைக்க, இந்தக் காலத்துக் காசு கனமாகவே இல்லை என்று தங்கள் தங்கை தெக்லா குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் காப்பிக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் சிங்கம் போட்ட வெள்ளி ஒன்றை எடுத்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, மாவுக்குள் அமுக்கிவிட்டாள். முதல் துண்டு கிறிஸ்துவுக்கு, அடுத்தது மாதாவுக்கு, அடுத்தது வீட்டுக்கு, அப்புறம் ஏழைக்கு என்று வெட்டி, அந்த ஏழைத் துண்டை, வாழ்த்துச் சொல்ல வந்த சாணைக்காரன் ஸவ்வாஸிடம் கொடுத்து அனுப்பிய பிறகுதான் சிங்கத்தைப் பற்றிச் சொன்னாள். ஓடிப்போய் அலமாரியைத் திறந்தால் தங்கள் பெட்டி காலி. தாங்கள் தங்கையை ஏசுவீர்களே என்று அவளிடம் வாயைத் திறக்கவில்லை. கிறிஸ்துவின் துண்டையும் விடாமல் பொடிப்பொடியாக உதிர்த்தேன். ஒன்றும் இல்லை.

மறுநாள் ஸவ்வாஸ் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கேட்கத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். போனால், மச்சான், நாணயம் சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துணியில் இருக்கிறது, விளக்கு எரிகிறது, வீட்டில் ஒருத்தரும் உரக்கப் பேசவில்லை. "புனித வசிலியே எங்க வீட்டைத் தேடி வந்துட்டாருங்க. இனிமே எங்களுக்குப் பயமில்ல" என்றான். அவன் மனைவி அதைத் துணியோடு ஏந்திவந்து நீட்டினாள். என்னை அறியாமல் சிலுவைக்குறி போட்டு முத்தமிட்டேன். உதடு பட்டது ராஜா முகத்தில். அந்த ராஜாவின் பேத்தி ஆட்சியில் பதினோரு மாதம் கம்பி எண்ணியவன் நான், ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு பளபளப்பை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. நாணயத்தைக் கேட்காமலே வீடு திரும்பிவிட்டேன். புனிதர் ஏழைக்குக் கொடுத்ததைப் பிடுங்க நான் யார், தாங்கள்தான் யார்? மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

புனித வசிலி தங்கள் வீட்டில் ரொட்டியும் எண்ணெயும் குறையாமல் பார்த்துக்கொள்வாராக. அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
லோயிஸோஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் தெக்லாவிடம் படித்துக் காட்டினேன். "விருந்தாளிங்க வர்ற நாளாச்சேன்னு அண்ணன் காசை என் துணிப்பெட்டியில பூட்டி வச்சிருக்கேன். நான் கேக்குல போட்டது, புகையிலை டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தீங்களே, அது" என்றாள். அது என் தகப்பனார் எனக்கென்றே கொடுத்த அதே மாதிரி வெள்ளி. ஆகவே, மேலே புனிதர் கொடுத்ததைப் பற்றி நான் எழுதிய வரிகளைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். நான் ஸவ்வாஸ் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.