ஃபில்டர்தானே!

"இடது பக்கம் திருப்புங்க" என்றாள் இசைவாணி.

"எனக்கு இடதா, லென்ஸுக்கு இடதா?" என்று கேட்டான் செம்பியன்.

அவள் குழம்பைக் கிளறப் போய்விட்டாள். செம்பியன் லென்ஸை மடியில் கவிழ்த்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை திருகினான். இரண்டு பக்கமும் ஒரே பிடிவாதம். ஃபில்டர் கழலவில்லை.

லென்ஸ் அவனுடையது அல்ல. பெங்களூரில் இருக்கும் அவன் மச்சான் கதிரவனுடையது. பிச்சாவரம் பறவைகளைப் படமெடுக்கட்டும் என்று அக்கா வீட்டுக்காரரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"கொழந்த மாதிரி பாத்துக்குங்க மாமா. ஒரு கீறல் விழுந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

அன்றிரவு செம்பியனுக்குத்தான் தூக்கம் வரவில்லை. மறுநாளே சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் அப்துல் ஹக் பாயின் கேமரா கடைக்குப் போய் ஒரு ஃபில்டர் வாங்கினான். லென்ஸின் முகத்தில் திருகி மாட்டுகிற மெல்லிய கண்ணாடி வட்டம். அடியோ கீறலோ அதன்மேல்தான் விழும், லென்ஸ் தப்பித்துக்கொள்ளும். அதைக் கடையிலேயே மாட்டித் தரச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று லென்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"கண்ணாடிக்கு ஒரு கண்ணாடியா?" என்றாள் இசைவாணி.

"தலைக்கு ஹெல்மெட் போடல? அந்த மாதிரி."

ஹெல்மெட் போட்டவனுக்கு வருகிற தைரியம் அவனுக்கும் வந்தது. பிச்சாவரத்தில் துடுப்பு உரசி லென்ஸின் முகத்தில் நீளமாக ஒரு கோடு விழுந்தது. படகோட்டி தங்கராசு பதறிப்போனார்.

"ஐயையோ சார், கண்ணாடில கோடு!"

"ஃபில்டர்தாங்க. போனா போவுது."

கடலூர் சில்வர் பீச்சில் மணல் அடித்தபோது சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான். ஃபில்டர்தானே! படங்கள் ஏன் மங்கலாகவே வருகின்றன என்று மட்டும் அவனுக்குப் புரியவில்லை. வெயில் போதவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது கதிரவன் போன் செய்திருந்தான். நெல்லிக்குப்பத்தில் நண்பனின் கல்யாணம், நாளைக் காலை கடலூரில் இறங்குகிறான், லென்ஸ் வேண்டும். கோடு விழுந்த ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளவென்று லென்ஸை மச்சான் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் நடக்கமாட்டேன் என்கிறது.

குளிர்ந்தால் உலோகம் சுருங்கும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். செம்பியன் லென்ஸை ஃப்ரீசரில், மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தான். எடுத்தபோது உள்ளே பனி மூடிக் கிடந்தது.

"மார்கழி மாசம் மாதிரி இருக்கே" என்றாள் இசைவாணி.

விளிம்பில் தேங்காயெண்ணெய் விட்டான். எண்ணெய் விளிம்பைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் பரவியது. பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்துப் பரபரவென்று தேய்த்தான்.

"ஏங்க, கீறல் விழப்போவுது!"

"ஃபில்டர்தானே!"

கடைசியில் பக்கத்து வீட்டு லூர்துசாமி குறடோடு வந்தார். மோட்டார் மெக்கானிக்.

"வுடுங்க சார். துருப்புடிச்ச போர் மோட்டர் நட்டையே கழட்டியிருக்கேன். இது என்னா ஜாஸ்தி?"

குறடு இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை 'டிக்' என்றது.

"அசையுது!" என்று கத்தினான் செம்பியன்.

அசைந்தது, பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. லூர்துசாமி குறடைத் துடைத்துக்கொண்டு, "வாங்குன கடைலயே குடுத்துப் பாருங்க சார்" என்று நழுவினார்.

கண்ணாடி கொத்திப்போட்ட அம்மிபோல் இருந்தது. ஆனால் செம்பியன் கண்ணில் பெருமிதம்.

"எவ்ளோ அடி வாங்கியிருக்கு பாரு! இது மட்டும் இல்லன்னா லென்ஸு என்னா ஆயிருக்கும்?"

காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் கதிரவன் பையைத் திறந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மாமா... என்னா மாமா இது? யாராச்சும் கல்லால அடிச்சாங்களா?"

"பதறாத மச்சான். நீ பாக்குறது ஃபில்டர். உள்ள ஒன் லென்ஸு பொறந்த புள்ள மாதிரி இருக்கு. கடைல கழட்டித் தருவாங்க, வா."

கதிரவனுக்கு மூச்சு வந்தது. நடக்க நடக்க அவன் குரல்கூட இளகியது.

"எனக்கே ஃபில்டர் போடணும்னு தோணல மாமா. ஒங்கள நம்பிக் குடுத்தது வீண் போவல."

செம்பியன் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டான்.

கடையில் அப்துல் ஹக் பாய் இல்லை. அவர் மகள் ஷாசியா கல்லாவில் இருந்தாள். செம்பியனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"வாங்க சார், ஒங்க நம்பர் இல்லாம எவ்ளோ தவிச்சோம் தெரியுமா? அன்னிக்கு நான் மாட்டுறதுக்குள்ள பஸ்ஸுன்னு பையத் தூக்கிட்டு ஓடிட்டீங்க. இந்தாங்க ஒங்க ஃபில்டரு, பத்திரமா வெச்சிருக்கோம். பாருங்க, ஒரு கீறல் விழல!"