கெட்டிச்சாயமும் வேலூர் மயிலும்

காஞ்சிபுரத்தில் ஏறிய எந்தச் சாயமும் என்றாவது வெளுக்கும். கெட்டிச்சாயத்தின் அபிப்பிராயம் மட்டும் வெளுக்காது. எங்கள் தெருவில் சாயப்பட்டறை வைத்திருந்தவர் அவர். எத்தனை முறை அலசினாலும் போகாத நிறத்துக்குக் கெட்டிச்சாயம் என்று பெயர். அதை அவருக்கு வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்.

ஒருமுறை ரயில்வே கேட்டில் சிவப்புக் கொடியைக் கண்டும் சைக்கிளை விட்டு இறங்காமல் போனார். கேட் கீப்பர் அவரைச் சைக்கிளோடு சேர்த்துப் பின்னால் இழுத்துப்போட்டார். "இன்னாபா, இது செவப்பா? வெயில்ல வெளுத்து ரோசாவா பூட்டிருக்குது. ரோசாவுக்கெல்லாம் நான் நிக்க முடியாது" என்றார் கெட்டிச்சாயம். கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி தாண்டும்வரை வாதம் நடந்தது. சில நாட்களில் அங்கே புதுக்கொடி வந்தது. தன்னால்தான் வந்தது என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளி மயில்கழுத்துப் புடவைகள் கேட்டிருந்தார். நீளவாக்கில் கட்டிய நீலப் பாவில் குறுக்கே பச்சை ஊடையை ஓட்டினால், பார்க்கும் பக்கத்துக்கு ஒரு நிறம் காட்டும் புடவை அது. நூலுக்குச் சாயம் போட்டவர் கெட்டிச்சாயம். முதல் புடவை தறியை விட்டு இறங்கியதும் முதலாளி விரித்துப் பார்த்தார். இது மயில்கழுத்தே இல்லை, மீதி நூலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ என்றார். கெட்டிச்சாயத்தின் நூல் திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் அதுவரை பேச்சே கிடையாது.

"மொதலாளி, நீங்க மயில நேர்ல பாத்துகிறீங்களா?"

முதலாளி பார்த்தது காலண்டரில். கெட்டிச்சாயம் பார்த்தது கோயில் தூணில்.

"அப்ப மயிலாண்டயே கேட்டுடலாம். அது ஒத்துக்கலன்னா, இந்தக் கலர்ல இனிமே கை வெக்க மாட்டேன்."

தெருக்காரர்கள் நாங்கள் பஸ் பேசி, வேலூர்க் கோட்டைக்கும் அதற்கப்பால் மலையடிவாரத்தில் இருந்த விலங்குகள் சரணாலயத்துக்கும் போவதாக இருந்தோம். மயிலைப் பார்க்க அவர்கள் இருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குச் சிறுத்தையைப் பார்க்க ஆசை. கெட்டிச்சாயம் புடவையைத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். கோட்டைக்கு இறங்கவே மறுத்துவிட்டார். அதில் கல் நிறத்தைத் தவிர வேறு நிறம் இல்லையாம்.

சரணாலயம் என்பது முள்ளும் பாறையுமாக ஒரு வறண்ட காடு. வாசலில் நின்ற காவலர் எங்கள் கூட்டம் உடுத்தியிருந்த அரக்கையும் மாம்பழ மஞ்சளையும் பார்த்து அதிர்ந்துபோனார். பளிச்சென்று இருந்தால் மிருகங்கள் ஓடிவிடும், போர்த்திக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் பஸ்ஸில் கிடந்த பழைய ஜமக்காளத்துக்கு அடித்துக்கொண்டார்கள். கெட்டிச்சாயம் துண்டைப் பிரித்துப் புடவையை வெளியே எடுத்தார்.

"பெரியவரே, மிருகம் பயப்படும்னு சொல்றேன்."

"பயந்தா அது வூட்டுக்குள்ள இருக்கட்டும்பா. எங்க ஊர்க் கோயில் யானை இந்தக் கலருங்களப் பாத்துக்கினுதான் வளந்துது."

கோயில் யானைக் கணக்கு காட்டில் செல்லாது என்று விளக்கப் பார்த்த காவலர், பாதியில் கைவிட்டார்.

சிறுத்தை வரவில்லை. மயில் வந்தது. பாறை மேல் ஏறி நின்று, வெயிலில் கழுத்தைத் திருப்பியது. கெட்டிச்சாயம் புடவையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். முதலாளி அவர் தோளோடு ஒட்டி நின்றார்.

மயிலின் கழுத்தில் ஓர் ஆழம் இருந்தது. புடவையில் அது இல்லை. கண் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"என்னப்பா சொல்ற?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

கெட்டிச்சாயம் மயிலைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். மறுபடி மயிலைப் பார்த்தார்.

"இது சாயம் போன மயிலு, மொதலாளி. எந்நேரமும் வெயில்லயே நிக்குது பாருங்க."

முதலில் சிரித்தவர் காவலர். மயில் ஓடிப்போனது. புடவையை மடித்துத் துண்டில் சுற்றிய கெட்டிச்சாயம் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

ஊர் வந்ததும் முதலாளி இறங்கினார். நாலடி போனவர் திரும்பி வந்து ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

"காலைல மீதி நூல தறிக்கு அனுப்பிடு. மயிலு வந்து கேட்டா நான் பேசிக்கிறேன்."

கெட்டிச்சாயம் இப்போது இல்லை. வேலூருக்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் மயில்களைப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூடச் சரியான நிறத்தில் இல்லை.