இரண்டு தசமதானம் போதும் என்றவன்

கணினிப் பட்டம் எடுத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருப்பவனைவிட ஆபத்தான பிராணி கிடையாது. வேலை இருந்தால் அவனுடைய மேதாவித்தனத்தை அலுவலகம் தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் சொந்தக்காரர்தான் தாங்க வேண்டும். சண்டை முடிந்து, கடலுக்குப் போக இருந்த கெடுபிடிகள் தளர்ந்த காலத்தில் நான் கற்பிட்டியில் அப்படி ஏழு மாதம் இருந்தேன். என்னைத் தாங்கிய பாக்கியசாலி என் தாய்மாமன் சவரிமுத்து.

மாமாவுக்கு ஒரு வள்ளம், ஒரு புது வலை, ஒரு மகள். மகள் ஜெசிந்தா எனக்கு மச்சாள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். மூன்றில் எதன் மீது எனக்குக் கண் என்று சொல்லத் தேவையில்லை. (வலை மீது இல்லை.)

ஒருத்தியின் மனதைக் கவர நினைக்கும் சாதாரண மனிதன் ஒரு நல்ல சேர்ட் போடுவான். நான் தர்க்கம் பண்ணினேன். ஒரு பின்னேரம் மாமாவின் வாடியில், அதாவது வலை வைக்கிற கடற்கரைக் கொட்டிலில், பிளேன்ரீ குடித்தபடி அவளுக்கு ஒரு பூதத்தை அறிமுகம் செய்தேன். பிரபஞ்சத்தில் உள்ள ஒவ்வொரு துணிக்கையும் இந்தக் கணம் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று அந்தப் பூதத்துக்குத் தெரியும். ஆகவே நாளைக்கு நடக்கப்போவதெல்லாம் அதற்கு இன்றே தெரியும். பௌதிகக்காரர் மனதுக்குள்ளேயே செய்து பார்க்கிற பரிசோதனை இது. பௌதிகம் படிப்பிக்கிறவளுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அந்தப் பூதத்துக்கு எத்தினை தசமதானம் வரைக்கும் தெரியும், மச்சான்?"

"முடிவில்லாம."

"அவ்வளவத்தையும் எந்தக் கொப்பியில எழுதி வெச்சிருக்கு?"

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது எங்காவது கண்டால் அறைந்துவிடுவேன்.) கணினி எந்த எண்ணையும் ஓரிடத்தில் வெட்டித்தான் வைக்கும், நடைமுறைக்குப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம், இரண்டு தசமதானம் போதும், மிச்சமெல்லாம் தூசி என்று அருள்வாக்குச் சொன்னேன்.

"வெட்டுறது பிழையில்ல. எங்க வெட்டுறதெண்டு தெரியத்தான் படிக்கிறது" என்றாள் அவள்.

வாயால் வெல்ல முடியாதவன் செய்து காட்டப் புறப்படுவான். நானும் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் கொடி கட்டிய மிதவை போட்டால் வலை கிடக்கிற இடம் ஊருக்கே தெரிந்துவிடும். மீனை வேறு யாராவது கழற்றிக்கொண்டு போவார்கள். அதனால் மாமா மிதவையே போடுவதில்லை. வலையைக் கல் கட்டி அடியில் தாழ்த்திவிட்டு, இடத்தை ஜிபிஎஸ் கருவியில் பதிந்துகொண்டு வருவார். மறுநாள் அந்த இலக்கத்துக்குப் போய், கொக்கி கட்டிய கயிற்றால் துழாவித் தூக்குவார். வலை இருக்கிற இடம் அந்தக் கருவிக்கு மட்டும்தான் தெரியும். அன்றும் புது வலை முழுவதையும் அப்படித்தான் தாழ்த்திவிட்டு வந்திருந்தார். அந்தக் குடும்பத்தின் சாப்பாடு முழுக்கக் கடலடியில் கிடந்தது.

அந்தக் கருவியைத்தான் நான் 'ஒழுங்குபடுத்த' வாங்கினேன். அதிலிருந்த இலக்கங்களை மடிக்கணினிக்கு மாற்றினேன். ஐந்து தசமதானம் பார்க்க அசிங்கமாக இருந்ததால் எல்லாவற்றையும் இரண்டாகச் சுருக்கினேன். கருவியில் இருந்த பழையவற்றை அழித்துவிட்டு, என் அழகான இலக்கங்களை ஏற்றிக் கொடுத்தேன். கெட்டிக்காரன் என்று மாமா முதுகில் தட்டினார்.

காலையில் நானும் கூடப் போனேன், பாராட்டு வாங்க. கருவி காட்டிய இடத்தில் கொக்கியைப் பத்துத் தரம் இழுத்தோம். பாசி வந்தது.

"மருமோன், வலை எங்க?"

"இங்கதான், மாமா."

"இங்க எண்டா?"

கருவியை வாங்கிப் பார்த்தேன். மாமா வருடக்கணக்காகத் தேடிப் பதிந்து வைத்திருந்த, மீன் கூடுகிற ஏழு பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மூன்று ஒரே புள்ளியில் குந்தியிருந்தன. இன்னொன்று கரையேறி யாருடையதோ தென்னந்தோட்டத்துக்குள் போயிருந்தது. அப்போதுதான் மரமண்டைக்கு விளங்கியது. அந்த இலக்கங்கள் பாகைக் கணக்கு. கடலில் ஒரு பாகை நூறு கிலோமீற்றருக்கு மேல். அதில் நூறிலொரு பங்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல். நான் தூசி என்று வெட்டி எறிந்தது அதற்குப் பிறகு வந்த இலக்கங்களை. ஒரு கிலோமீற்றர் நீள அகலக் கடலில் வலை எங்கேயோ கிடந்தது.

மாமா ஏசவில்லை. சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, கரைக்குப் போவம் என்றார். அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை.

ஜெசிந்தா முழுவதையும் கேட்டாள். மடிக்கணினியில் பழைய இலக்கங்கள் இருக்கின்றனவா என்றாள். இல்லை. (பிரதி எடுத்து வைப்பது சாதாரண மனிதர் செய்கிற வேலை.) அவள் கொப்பியில் ஒரு சதுரம் கீறினாள். தகப்பனிடம் வலை விட்ட ஆழத்தைக் கேட்டு, அந்த ஆழமில்லாத பக்கத்தை வெட்டிவிட்டாள். மிச்சத்தைக் கோடு கோடாகப் பிரித்து என் கையில் தந்தாள். மாமா வள்ளத்தை ஓட்ட, நான் அவளுடைய கோடுகளை வாசித்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் கொக்கி மாட்டியது. மாமா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

வலை வந்தது, அழுகிய மீனோடு. அதைக் கழற்றுவது என் தலையில் விழுந்தது, நியாயமாக. இரண்டு நாள் அழுகின திருக்கையோடு மல்லுக்கட்டினேன். ஞாயிறு பூசையில் அந்த நாற்றத்தின் புண்ணியத்தில், நாலு பேர் இருக்கிற வாங்கு முழுவதும் எனக்கே கிடைத்தது. பார்களைத் திரும்பக் கண்டுபிடிக்க மாமாவுக்கு ஒரு பருவம் பிடித்தது.

இப்படிப்பட்டவனை ஜெசிந்தா ஏன் கட்டினாள் என்று ஊர் இன்றும் கேட்கிறது. அவளிடம் தர்க்கத்தில் தோற்று, அதை ஒப்புக்கொண்ட முதல் ஆம்பிளை நான்தானாம்.

மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து மாமாவுக்குப் போன் எடுத்தேன். நிறை எவ்வளவு என்றார். கிட்டத்தட்ட மூன்று கிலோ என்றேன்.

"போனை மகளிட்ட குடு."

பிள்ளை பெற்றுக் களைத்துக் கண்மூடிக் கிடந்தவளின் காதில் போனை வைத்தேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக் வெட்டுமுன் இந்தக் கதையை மாமா சொல்லியாக வேண்டும், அவள் கண்ணைத் திறக்காமலே சொன்ன பதிலையும் சேர்த்து.

"ரெண்டு புள்ளி எட்டு ஆறு அஞ்சு, அப்பா."